கொடியைப் பார்ப்பதா, கேமராவைப் பார்ப்பதா

பள்ளியில் தேசியக் கொடி ஏற்றும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு அடி அளந்து சொல்கிறது. மாணவர்கள் ஒரு சதுரத்தின் மூன்று பக்கங்களில் நிற்க வேண்டும். நான்காவது பக்கத்தின் நடுவில் கொடிக்கம்பம். தலைமையாசிரியரும், மாணவர் தலைவரும், கொடியை விரிக்கப்போகிறவரும் கம்பத்துக்கு மூன்று தப்படி பின்னால். வகுப்புகள் மூப்பு வரிசைப்படி, மூத்த வகுப்பு வலக்கோடியில். பத்துப் பத்துப் பேராக அணிகள், வரிசைக்கும் வரிசைக்கும் இடையே குறைந்தது 30 அங்குலம். வகுப்பாசிரியர் தம் பிள்ளைகளின் கடைசி வரிசைக்குப் பின்னால் மூன்று தப்படி தள்ளி நிற்பார். வகுப்புத் தலைவர்கள் முன்வந்து பள்ளியின் மாணவர் தலைவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் தலைமையாசிரியருக்குச் சொல்வார். அதன்பிறகே கொடி விரியும். கொடி வணக்கம், தேசிய கீதம், உறுதிமொழி என்று நிகழ்ச்சி நகரும்.

இதை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் வகுத்தவர்களின் எண்ணம் விளங்கும். மூன்று பக்கமும் நிற்கும் பிள்ளைகளின் கண் போய்ச் சேருமிடம் ஒன்றுதான். எந்த வகுப்பும் இன்னொரு வகுப்பின் முதுகுக்குப் பின்னால் ஒதுக்கப்படவில்லை. ஆசிரியர்கள்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். சிறப்பு விருந்தினருக்கான மேடை, நாற்காலி, பொன்னாடை எதையும் பற்றி அந்தப் பகுதியில் பேச்சே கிடையாது. கொடியைப் பார்ப்பதற்காகக் கூடுகிற கூட்டம் அது. நிற்கிற முறையே அதற்கான பாடம்.

இப்போது ஏதாவது ஒரு பள்ளியின் சுதந்திர தினப் படத்தை நினைத்துப் பாருங்கள். கம்பம் பின்னால் நிற்கிறது. அதன் முன்னே விருந்தினர், தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தார், அவர்களின் காலடியில் சம்மணமிட்ட குழந்தைகள். அத்தனை பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். விதித்தொகுப்பு வரைந்த சதுரம் அப்படியே திரும்பிவிட்டது. கொடியை நோக்கி நிற்க வேண்டியவர்கள் கொடிக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள்.

இது குற்றமா என்றால் இல்லை. கொடியை ஏற்றும்போதும் இறக்கும்போதும், அணிவகுப்பில் கொடி கடந்துபோகும்போதும்தான் அங்கே இருக்கும் எல்லாரும் கொடியை நோக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்கிறது விதி. விழா முடிந்தபின் கம்பத்தின் முன்னே நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொள்வதில் தவறேதுமில்லை. என் கவலை வேறு. விழாவுக்குப் பின்னால் வர வேண்டிய படம் விழாவுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கயிற்றை இழுக்கப்போகும் கை நடுவில் நிறுத்தப்படுகிறது, “சார், அப்படியே இந்தப் பக்கம் பாருங்க” என்று. தேசிய கீதம் ஒலிக்கையில் இரண்டு ஆசிரியர்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி வரிசைகளுக்கிடையே நடக்கிறார்கள். அசையாமல் நிற்கச் சொல்லப்பட்ட குழந்தை அவர்களையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. ‘அங்கே இருக்கும் எல்லாரும்’ என்ற சொற்களில் படம் பிடிப்பவருக்கு விலக்குக் கொடுக்கப்படவில்லை.

படத்துக்கும் கொடிக்கும் உள்ள உறவைப் பற்றிச் சட்டம் ஒன்று சொல்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. தேசியக் கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ‘இந்திய தேசியக் கொடி’ என்று குறிப்பிடும்போது துணிக்கொடியை மட்டும் குறிக்கவில்லை. கொடியின் ஓவியம், வரைபடம், நிழற்படம், அதன் ஒரு பகுதியைக் காட்டும் எந்த உருவமும், எந்தப் பொருளில் ஆனாலும், கொடி என்ற சொல்லுக்குள் அடங்கும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய படமும் கைபேசித் திரையில் வந்து விழுகிற வாழ்த்தும் சட்டத்தின் பார்வையில் கொடிதான்.

இதன் விளைவு சிறியதல்ல. கொடியின்மேல் எந்த எழுத்தும் எழுதலாகாது என்பது விதி. எழுதுவதை அவமரியாதையின் வகைகளில் ஒன்றாகவே 2003-இல் வந்த திருத்தம் சேர்த்திருக்கிறது. ஆகஸ்ட் 14 இரவு பள்ளிகள் அனுப்பும் வாழ்த்துப் படங்களைப் பாருங்கள். மூவண்ணத்தின்மேல் பள்ளியின் பெயர், தாளாளரின் பெயர், சேர்க்கைக்கான தொலைபேசி எண். சில படங்களில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளியின் முத்திரை. வகுப்பில் கொடிப் படத்தின்மேல் தன் பெயரை எழுதிய பிள்ளையை அதட்டுகிற அதே பள்ளிதான் இதையும் செய்கிறது. வாழ்த்தையும் பெயரையும் கொடிக்குக் கீழே வெற்றிடத்தில் எழுதிவிட்டால் போதும், செலவே இல்லாமல் விதியைக் காத்துவிடலாம்.

அதே சட்டம் இன்னொன்றையும் கவனமாகச் செய்திருக்கிறது. கொடி தரையில் படுவதையும், காவி நிறம் கீழே வரும்படி தலைகீழாகக் காட்டுவதையும் அவமரியாதை என்று சொல்லும்போது ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை காகிதக் கொடியைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் படம் வெளிவந்ததும் ‘நடவடிக்கை எடு’ என்று கூச்சல் கிளம்புகிறது. அந்தக் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சட்டத்துக்கு எண்ணமில்லை. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்ற தண்டனை, தெரிந்தே அவமதிப்பவருக்காக எழுதப்பட்டது.

படங்களில் அடிக்கடி தவறாக வருவது கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிடும்போதுதான். கிடைமட்டமாகச் சுவரில் பதித்தால் காவி மேலே இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். செங்குத்தாக என்றால் காவி கொடியின் வலப்புறம் இருக்க வேண்டும். எதிரே நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு அது இடப்புறம். மேடை அமைப்பவர் கொடிக்குப் பின்னால் நின்று கட்டிவிட்டு முன்னால் வந்து பார்க்காமல் போனால் நிறம் மாறிவிடும். பேச்சாளர் மேடையில் கம்பத்தோடு கொடியை வைத்தால், அவையை நோக்கி நிற்கும் பேச்சாளரின் வலப்பக்கத்தில் வைக்க வேண்டும். படத்தில் அது நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். பின்சுவரில் வைத்தால் பேச்சாளருக்குப் பின்னே, அவர் தலைக்கு மேலே. பேசுகிறவரின் தோளும் விருந்தினரின் தலையும் சக்கரத்தை மறைக்கிற உயரத்தில் வைத்தால் விதியும் போச்சு, படமும் போச்சு.

கைபேசியின் முன்பக்கக் கேமரா இதில் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. சில கருவிகள் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றியே சேமிக்கின்றன. கிடைமட்டக் கொடிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. காவி மேலேயேதான் இருக்கும், சக்கரத்தின் 24 ஆரங்களும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே தோற்றம்தான். செங்குத்துக் கொடி மட்டும் பிழையாகிவிடும். சுவரில் சரியாகத் தொங்கிய கொடி படத்தில் தவறாகத் தோன்றும். பள்ளியைத் திட்டி எழுதுவதற்குமுன் அந்தப் படத்திலிருக்கும் பெயர்ப்பலகையின் எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் ஒரு தலைமையாசிரியரின் தூக்கம் கெடாமல் தப்பும்.

மேசைவிரிப்பாகக் கொடியை விரிப்பது, தோரணமாகக் கட்டுவது, கொடிக்கம்பத்தின் உச்சியில் மாலை சூட்டுவது, சிலைத் திறப்புக்குத் திரையாகப் போர்த்துவது எல்லாமே விலக்கப்பட்டவை. விரிவதற்குமுன் கொடிக்குள் பூவிதழ்களை மடித்து வைக்கலாம். அதற்கு மட்டும் தெளிவான அனுமதி உண்டு. முன்வரிசைப் பிள்ளைகள் கொடியை இடுப்பளவில் பேனர்போல விரித்துப் பிடிக்கும் படங்களில் கீழ்விளிம்பு தரையைத் தொடுகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தொடும். நூறு அடி, இருநூறு அடி நீளத்துக்குத் தைத்துத் தெருவில் தூக்கிச் செல்லும் ‘பிரம்மாண்டக் கொடி’களை நான் கொடியென்றே ஏற்பதில்லை. நீளமும் அகலமும் 3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது கொடியின் வரையறை. 6300 × 4200 மில்லிமீட்டரில் தொடங்கி மேசையில் வைக்கும் 150 × 100 வரை ஒன்பது அளவுகள் விதித்தொகுப்பில் இருக்கின்றன. எல்லாம் அந்த விகிதத்தில்தான். விகிதம் போனால் அது மூன்று நிறப் பட்டைத் துணி.

பிள்ளைகளையே மூன்று நிற உடையில் நிறுத்தி, மேலிருந்து டிரோனால் படமெடுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இதில் கொடிக்கு இழுக்கு ஏதும் வருவதாக நான் கருதவில்லை. பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. ஒரே ஒரு படத்துக்காக ஆகஸ்ட் வெயிலில் ஒத்திகை நாள்களும் சேர்த்துப் பலமணி நேரம் நிற்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அவர்கள் ஒரு நிறப்புள்ளி. கொடி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை, கொடியாக நிற்பவர்களால் கொடியைப் பார்க்க முடியாது.

துணிக்கே ஒரு வரலாறு உண்டு. சுதந்திர இந்தியா வகுத்த முதல் தரநிலை எதற்கு என்று மாணவர்களிடம் கேட்டால் சிமென்ட், இரும்பு என்று சொல்வார்கள். 1951-இல் வெளியான ‘இந்தியத் தரநிலை 1’ தேசியக் கொடிக்கானது. நூலின் எண்ணிக்கை, நெசவின் இறுக்கம், சாயம் வெயிலுக்கும் நீருக்கும் தாங்கும் அளவு எல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் பெங்கேரியிலுள்ள கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு அந்தத் தரநிலைப்படி கதர்க் கொடி செய்யும் இடமாகப் பெயர் பெற்றது. நீண்ட காலம் கைந்நூற்பும் கைநெசவும் கட்டாயமாக இருந்தன. 2021 டிசம்பர் 30-இல் வந்த திருத்தம் இயந்திரத்தில் செய்த கொடியையும் பாலியெஸ்டரையும் அனுமதித்தது. அதனால் கொடி மலிந்தது, எல்லா வீட்டுக்கும் போனது. கூடவே, சக்கரம் முட்டை வடிவில் நசுங்கிய கொடிகளும் காவி வெளுத்துப்போன கொடிகளும் கடைக்கு வந்தன. பள்ளிக்குக் கொடி வாங்குபவர் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போவது நல்லது.

எல்லா வீட்டுக்கும் கொடி போகும் காலத்தில் நின்றுகொண்டு பார்க்கும்போது, அதற்கு முந்தைய நிலை மறந்துவிடுகிறது. 2002 ஜனவரி 26-க்கு முன்னர்ச் சாதாரணக் குடிமகன் விரும்பிய நாளில் தன் வீட்டில் தேசியக் கொடி ஏற்ற முடியாது. குறிப்பிட்ட சில தேசிய நாள்களில் மட்டுமே முடியும். மத்தியப் பிரதேசத்தில் அப்போதிருந்த ராய்கரில் தம் தொழிற்சாலையில் கொடி ஏற்றிய நவீன் ஜிண்டாலை அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார், 1995-இல் வென்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நீண்டது. 2004 ஜனவரி 23 அன்று, மரியாதையோடும் கண்ணியத்தோடும் கொடி பறக்கவிடுவது அரசமைப்பின் 19(1)(அ) உறுப்பு தரும் கருத்துச் சுதந்திரத்தின் ஒரு பகுதி, ஆனால் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று அந்த நீதிமன்றம் சொன்னது.

அதுவரை அரை நூற்றாண்டுக் காலம், ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் தேசியக் கொடியை அருகில் நின்று பார்த்த இடம் பள்ளிக்கூடம்தான். சட்டையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடி, உடற்கல்வி ஆசிரியர் முதல்நாள் மாலையே முடிச்சுப் போட்டுப் பார்த்த கயிறு, கொடி விரியும்போது உதிரும் செவ்வந்தி இதழ், விழா முடிந்து தரும் ஆரஞ்சு மிட்டாய். அதிகாரிகளின் வண்டியிலும் அரசுக் கட்டிடத்திலும் பறந்த கொடிக்கும் மக்களுக்கும் நடுவே உறவை உண்டாக்கியது பள்ளிதான். அந்த உறவு கண்ணால் பார்த்து வந்தது. பார்த்தவர்களில் பலரிடம் அந்த நாளின் ஒரு நிழற்படம்கூட இருக்காது.

அதற்கும் முன்னால் இதே நாட்டுப் பள்ளிகளில் பேரரசு தினம் என்று மே 24-ஆம் நாள் கொண்டாடப்பட்டபோது பிள்ளைகள் வணங்கியது பிரிட்டிஷ் கொடியை. மூவண்ணத்தைக் கையில் வைத்திருப்பதே அடிவாங்கக் காரணமாக இருந்த காலம் அது. திருப்பூரில் 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலத்தில் தடியடிபட்டு மறுநாள் இறந்த குமரனின் கையிலிருந்தது இராட்டை பொறித்த காங்கிரஸ் கொடி. அதே மாதம் 26-ஆம் நாள், ஆர்யா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் இருளோடு இருளாக ஏறி மூவண்ணத்தைக் கட்டினார். அவர் பின்னாளில் ஓவியராகவும் சிற்பியாகவும் வாழ்ந்தார். 1947 ஆகஸ்ட் 15 காலை அதே கோட்டையில் ஏறிய பட்டுக்கொடி, 12 அடிக்கு 8 அடி, இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. சென்னைப் பள்ளிகள் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் இடங்களில் அது முதலாவதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அளந்து பார்த்தால் விகிதம் 3:2-தான்.

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடியேற்றத்தின் நல்ல படம் எவ்வளவு பெரிய ஆவணம் என்பதற்கு ஹோமாய் வியாரவல்லா சாட்சி. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று அறியப்படும் அவர், செங்கோட்டையில் நேரு முதல்முறை கொடியேற்றியதைப் படம் பிடித்தார். அது நடந்தது 1947 ஆகஸ்ட் 16 அன்று. ஆனால் நேரு செங்கோட்டையில் 15-ஆம் நாளே கொடியேற்றினார் என்று பாடநூல் படித்த பலரும் நம்புகிறார்கள். படம் நிலைத்துவிட்டது, அதன் அடியில் வந்த நாள் மாறிவிட்டது. பள்ளிகள் தங்கள் படங்களின் பின்னால் நாளையும் கொடியேற்றியவர் பெயரையும் எழுதி வைத்தால் ஐம்பதாண்டு கழித்து ஊர் வரலாறு எழுதுபவர் வாழ்த்துவார்.

அத்தகைய படத்துக்கும் இன்று கேட்கப்படும் படத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ‘ஹர் கர் திரங்கா’ இயக்கம் தொடங்கியபோது வீட்டில் கொடியேற்றி, கொடியோடு செல்ஃபி எடுத்து இணையத்தில் பதிவேற்றச் சொன்னார்கள். அந்த ஆண்டு 6 கோடிக்கு மேற்பட்ட படங்கள் வந்ததாக அரசு அறிவித்தது. வியாரவல்லாவின் படம் நடந்ததைக் காட்டியது. செல்ஃபி நான் இருந்தேன் என்பதற்குச் சான்று கேட்கிறது. நாட்டுப்பற்றைச் சான்றோடு ஒப்படைக்கச் சொன்னால் பள்ளி அதையும் ஒரு பதிவேடாக்கிவிடும், காலை வருகைப் பதிவைப்போல. எத்தனை படம் ஏறியது என்று கேட்கும் மேலிடத்துக்கு, எத்தனை பிள்ளைகள் கொடியை நிமிர்ந்து பார்த்தார்கள் என்பது தெரிய வழியில்லை.

கேமரா எங்கே நிற்கலாம்? சதுரத்துக்கு வெளியே, ஒரு மூலையில், அசையாமல். கொடிக்கம்பத்தின் பக்கத்திலிருந்து எடுத்தால் அண்ணாந்து பார்க்கும் முகங்கள் கிடைக்கும், கொடி கிடைக்காது. பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் கொடி கிடைக்கும், முகம் கிடைக்காது. இரண்டும் ஒரே படத்தில் வேண்டும் என்ற ஆசையில்தான் அத்தனை பேரையும் திருப்பி நிறுத்துகிறோம். எனக்குப் பிடித்தது முதல் வகை. கொடி படத்தில் இல்லாவிட்டாலும் அது எங்கே பறக்கிறது என்று அந்தக் கண்கள் சொல்லிவிடும்.

படத்தில் யார் இருக்கிறார் என்பதும் கொடி மரியாதையைச் சேர்ந்த கேள்விதான். சுதந்திர நாளில் மாநிலத் தலைநகரங்களில் முதலமைச்சர் கொடியேற்றும் உரிமையே 1974-இல்தான் வந்தது. அதுவரை இரண்டு தேசிய நாள்களிலும் ஆளுநர்தான். மு. கருணாநிதி அன்றைய பிரதமர் இந்திரா காந்தியிடம் கேட்டுப் பெற்றதால் எல்லா மாநிலங்களுக்கும் கிடைத்த உரிமை அது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் கொடியேற்றலாம் என்ற அந்தக் கொள்கை ஊராட்சி வரை இறங்கி வரும்போது சாதி குறுக்கே நின்றது. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்தபின் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் சில நாள் கழித்து ஏற்றினார். பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி 2022-இல் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்கு எழுத வேண்டிய நிலை இருந்தது. காவி மேலே இருக்கிறதா, துணி தரையில் படுகிறதா என்று ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. கயிற்றைத் தொடவிடாமல் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதைவிடப் பெரிய கொடி அவமதிப்பு எதுவென்று எனக்குத் தெரியவில்லை. கொடி விதித்தொகுப்பில் அதற்கென்று ஒரு வரி இல்லை. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17-ஆவது உறுப்பில் இருக்கிறது.

அவமதிப்பு எது என்ற கேள்வி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2013 கிறிஸ்துமஸ் விழாவில் கோயம்புத்தூரில் இந்திய வரைபடமும் மூவண்ணமும் சக்கரமும் வரைந்த பெரிய கேக்கை வெட்டியது குற்றம் என்று தொடுத்த வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். அங்கே கூடியிருந்தவர்களின் மனத்தில் நாட்டை இழிவுபடுத்தும் எண்ணம் இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும், அவமதிப்பு என்ற சொல்லை வரம்பின்றி விரித்தால் மக்கள் கொடியைக் கையில் எடுக்கவே தயங்குவார்கள் என்பது அவர் தீர்ப்பின் சாரம். பள்ளிகள் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு. விதியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். விதியைக் காட்டிப் பயமுறுத்தினால் மறு ஆண்டு அந்தப் பிள்ளை கொடியைத் தொடாது.

கொடி ஏறும் காட்சிக்கு ஆயிரம் படங்கள் உண்டு. இறங்கும் காட்சிக்குப் படமே கிடையாது. விறுவிறுப்பாக ஏற்ற வேண்டும், மெதுவாக, முறையோடு இறக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. 2022 ஜூலையில் வந்த திருத்தம், திறந்த வெளியிலும் வீட்டிலும் இரவிலும் கொடி பறக்கலாம் என்று அனுமதித்தது. அதுவரை சூரிய உதயம் முதல் மறைவு வரைதான். பள்ளியில் விழா பத்து மணிக்கே முடிந்துவிடும், எல்லாரும் போய்விடுவார்கள். மாலையில் காவலரோ அருகில் குடியிருக்கும் பணியாளரோ வந்து தனியாக இறக்குவார். மடிப்பது எப்படி என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? சாரணர் படையிலோ என்.சி.சி.யிலோ இருக்கும் பத்துப் பிள்ளைகளை மாலை வரவழைத்து இறக்கச் செய்தால் காலையில் கற்றது முழுமையாகும். இறக்கும்போதும் எல்லாரும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதால் அவர்களும் காவலரோடு சேர்ந்து நிற்பார்கள்.

காகிதக் கொடிகளின் கதை இன்னும் மோசம். அவற்றை அசைக்கலாம், ஆனால் விழா முடிந்ததும் தரையில் வீசக்கூடாது. கண்ணியத்தோடு தனியிடத்தில் அப்புறப்படுத்த வேண்டும். கிழிந்த, அழுக்கான துணிக்கொடியை முழுமையாக, தனிமையில், எரிப்பது நலம் என்கிறது விதி. மிட்டாய் உறையோடு காகிதக் கொடியும் கிடக்கும் மைதானத்தை எந்தப் பள்ளியும் படமெடுத்து வெளியிடுவதில்லை. வகுப்புக்கு ஒரு பெட்டி வைத்துச் சேர்த்தால் தீரும் வேலை இது.

உறுதிமொழிப் படங்களில் பிள்ளைகள் வலக்கையை முன்னே நீட்டி நிற்பதைப் பார்க்கலாம். பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ் 1962-இல் தெலுங்கில் எழுதி எல்லா மொழிப் பாடநூல்களிலும் இடம்பெற்ற உறுதிமொழிக்குத்தான் அந்த வழக்கம். கொடிக்கு உறுதி கூறும்போது கைகூப்பி நிற்க வேண்டும் என்பது விதித்தொகுப்பின் முறை. அமெரிக்கப் பள்ளிகளின் பழைய படங்களிலும் பிள்ளைகள் கொடியை நோக்கிக் கை நீட்டித்தான் நிற்கிறார்கள். ஜெர்மனியின் நாஜி வணக்கத்தோடு அது ஒத்துப்போனதால் 1942 டிசம்பரில் அங்கே கையை நெஞ்சில் வைக்கும் முறைக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 14-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளையைக் கொடி வணக்கத்துக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. தங்கள் சமயம் அனுமதிக்காததால் வணங்க மறுத்த யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகளின் வழக்கு அது.

அதே சமயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் 1985 ஜூலையில் கேரளத்துப் பள்ளியொன்றிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர்பெற்ற அதில் 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, அமைதியாக எழுந்து நிற்பதே மரியாதைதான் என்று ஏற்றது.

அந்த வழக்கு நடந்த காலத்தில் கைபேசி இல்லை. அந்தப் பிள்ளைகள் அமைதியாக நின்றது முதலில் அவர்கள் பள்ளிக்கு மட்டுமே தெரிந்தது. இன்று அப்படி ஒரு பிள்ளை வரிசையில் உதடு அசைக்காமல் நின்றால் அந்தப் படமும் காணொளியும் மாலைக்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிடும், பெயரும் வகுப்பும் சேர்ந்தே. காய்ச்சலோடு வந்து சோர்ந்து நிற்கும் பிள்ளைக்கும், கொடியைத் தலைகீழாகப் பிடித்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் இதே கதிதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் ஒரு கையொப்பம் வாங்கிவிட்டு எல்லாப் படத்தையும் வெளியிடுவது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குப் போதாது. விழாவுக்குமுன் பெற்றோரிடம் கேட்க வேண்டும். ஒப்பாதவர்களின் பிள்ளைகளைக் கேமராவின் பார்வைக்கு அப்பாலுள்ள பக்கத்தில் அவர்களின் வகுப்போடு சேர்த்தே நிறுத்த வேண்டும். தனியே பிரித்து ஓரமாக உட்காரவைக்கக் கூடாது. வெளியிடுமுன் ஒவ்வொரு படத்தையும் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கொடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை, பிள்ளைகளில் யாருக்காவது இந்தப் படத்தால் தீங்கு வருமா என்று இன்னொரு முறை. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால், கொடி எவ்வளவு அழகாகப் பறந்தாலும், அந்தப் படம் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது.